முதல் மணியிலேயே எடுத்தவன்

ஒரு திங்கட்கிழமை நண்பகலுக்குள் ஆறு டன் ஐஸைத் தண்ணீராக்கி, ஏரிக்கரை ஊரான எம்பிட்டாவின் கடைத்தெருவில் ஓடவிட்ட பெருமை ஒகாடா ஒருவனையே சேரும். அதில் பங்கு கேட்டு வேறு யாரும் வரவுமில்லை.

ஐஸ் ஆலையின் முற்றத்தில் மூன்று லாரிகள் விடியற்காலையிலேயே சீவல் ஐஸை ஏற்றிக்கொண்டு தயாராக நின்றன. எந்தக் கரைக்குப் போவது என்று யாரும் சொல்லவில்லை. வெயில் ஏற ஏற லாரிகளின் அடியிலிருந்து நீர் சொட்டியது, பிறகு ஒழுகியது, பிறகு ஓடியது. தெருநாய்கள் வந்து அதில் வயிறு பதியப் படுத்துக்கொண்டன. எதிர்க்கடைப் பெண் கால் கழுவிக்கொண்டாள். ஒகாடா மட்டும் உள்ளே தன் கணினித் திரையைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தான். அன்று காலைதான் அவன் எழுதிய தானியங்கித் தொலைபேசி வேலையைத் தொடங்கியிருந்தது. வந்த அழைப்புகள் ஆயிரத்து நூற்று நாற்பது. எடுக்கப்பட்டவை ஆயிரத்து நூற்று நாற்பது. தவறியவை சுழி. அவன் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டான்.

முதலாளி அபுத்தோ கணுக்கால் நனைய உள்ளே வந்தார். ஊரே அவரை ஜாதுஓங் என்றுதான் கூப்பிடும். பெரியவர் என்று அர்த்தம். வயதுக்கும் அந்தப் பேருண்டு, வயிற்றுக்கும் உண்டு.

"எல்லாத்தையும் எடுத்துட்டோம் ஜாதுஓங். முதல் மணியிலேயே. ஒண்ணுகூடத் தவறல."

"ஆர்டர் எத்தனை?"

"ஏழு."

அபுத்தோ குனிந்து பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டார்.

அந்த ஏரிக்கரையில் ஐஸ் வேண்டியவர் யாரும் போனில் பேசுவதில்லை. மணி அடிக்கும், நின்றுவிடும், அவ்வளவுதான். பேசினால் காசு, அடித்து நிறுத்தினால் இலவசம். அப்படி அடிப்பவனின் போனைச் சட்டென்று எடுத்துவிடுவது, பட்டினிக்காரன் தட்டிலிருந்து ஒரு கவளம் அள்ளிக்கொள்வதற்குச் சமம். இது தெரியாமல் ஒரு வெளிநாட்டுக்காரன் அந்த இயந்திரத்தைச் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். ஒகாடாவோ பதின்வயதுக் காதல்கள் அத்தனையையும் மிஸ்டு காலிலேயே நடத்தி மிஸ்டு காலிலேயே இழந்தவன். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானைக்குள் விழுந்தது என்பார்களே, அதற்குக் கைகால் முளைத்தால் அது அவன்தான்.

அன்று காலை ஆயிரத்துச் சொச்சம் மீனவர்களும் மீன்காரிகளும் வழக்கம்போல ஒருமுறை அடித்தார்கள். அடித்த மாத்திரத்தில் ஒரு பெண்குரல் எடுத்து, வணக்கம் சொல்லி, சீவல் ஐஸுக்கு ஒன்றையும் பாளம் ஐஸுக்கு இரண்டையும் அழுத்தச் சொன்னது. அதற்குள் பேலன்ஸ் தீர்ந்தது. மறுபடி அடிக்கக்கூட வழியில்லாமல் போனது. அவர்கள் ஐஸ் வருமென்று கரையில் காத்திருந்தார்கள், ஐஸ் அவர்கள் வருவார்களென்று தெருவில் ஓடியது.

அந்தப் பெண்குரல் அபோண்டியுடையது.

*

ஆலையில் ஒரே ஓர் ஐஸ் இயந்திரம் இருந்த காலத்தில் தொலைபேசி இலாகா முழுவதும் அபோண்டிதான். ஒரு மேசை, ஒரு பட்டன் போன், ஒரு பள்ளிக்கூட நோட்டு. நாற்பது வாடிக்கையாளர். ஒருமுறை அடித்தால் வழக்கமான அளவு, இரண்டுமுறை அடித்தால் இரட்டிப்பு, மூன்றுமுறை அடித்தால் இன்று மீன் இல்லை, அனுப்பாதே. எண்ணைப் பார்த்ததுமே ஆள் யார், எந்தக் கரை, பெட்டி எத்தனை என்று அவளுக்குத் தெரியும். அடித்து ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அடித்தால் அது இரண்டா, அல்லது முதலாவதை மறந்துபோய் அடித்த கிழவனா என்பதும் தெரியும்.

பிறகு மீன் பெருகியது. இரண்டாவது இயந்திரம் வந்தது, மூன்றாவது வந்தது, நாற்பது நானூறாகி ஆயிரத்தைத் தாண்டியது. போன் மட்டும் அதே போன். ஐம்பது மிஸ்டு கால்தான் அதன் வயிற்றில் தங்கும். ஐம்பத்தோராவது வந்தால் முதலாவது கழன்று விழும். விடியற்காலை எல்லோருக்கும் முன்னால் எழுந்து அடித்தவனுக்கு ஐஸ் போகாது, சோம்பேறிக்குப் போகும். உழைப்பால் உயரலாம் என்று பாதிரியார் சொன்னதை அந்தக் கரையில் அதற்கப்புறம் யாரும் நம்பவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒகாடா நைரோபியிலிருந்து திரும்பியிருந்தான். லட்சக்கணக்கானவர்களை ஒரே நேரத்தில் தாங்கும் மென்பொருள் செய்யும் நிறுவனத்தில் இரண்டு வருடம் இருந்தான். அது வளர்ந்துகொண்டே போய், ஒருநாள் அவனுக்கு இடமில்லாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. அபுத்தோ அவனைப் பிடித்துக் கொண்டுவந்து, இந்தச் சுமையை எப்படியாவது தாங்கு என்றார். அவன் முதலில் செய்தது, இரண்டாவதாக ஒரு போன் வாங்கியது. அதுவும் நிரம்பியபோது தன் சொந்த எண்ணையே மூன்றாவது வரிசையாகக் கரையெங்கும் சொல்லியனுப்பினான். நைரோபியில் கற்ற வித்தையெல்லாம் அத்தோடு தீர்ந்தது.

மூன்று போன்களுக்கும் நடுவில் அபோண்டி உட்கார்ந்திருப்பதை அவன் எதிர்மேசையிலிருந்து மாதக்கணக்கில் பார்த்தான். நாலரை மணிக்கு வந்தால் பத்துவரை தலை நிமிர மாட்டாள். தேநீர் ஆறி ஆடை கட்டிவிடும். அவன் அதை எடுத்துப்போய்ச் சூடாக்கி வைப்பான், அதுவும் ஆறும். பத்து மணிக்குமேல் அவள் கேலி செய்யத் தொடங்குவாள்.

"இஞ்சினியர், ஒரு கப் சாயாவ சூடா வெக்கத் தெரியல, இதுல நீ ஆயிரம் பேரைத் தாங்கப் போறியாக்கும்."

மாலையில் வீடு சேர்ந்ததும் அவன் அவளுக்கு ஒருமுறை அடிப்பான். அவள் திருப்பி ஒருமுறை அடிப்பாள். ஐஸ் கணக்கில் அது வழக்கமான அளவு. அவர்கள் கணக்கிலும் அதுதான்.

அவளுக்கு ஓய்வு கொடுக்கத்தான் அவன் அந்த இயந்திரத்தை எழுதினான். இதை அவன் பிற்பாடு பலரிடம் சொல்லிப் பார்த்தான். சொல்லச் சொல்லத் தனக்கே நம்பிக்கை குறைவதைக் கண்டு நிறுத்திக்கொண்டான். எந்நேரமும் எடுக்கும், எத்தனை பேர் வந்தாலும் எடுக்கும், வருவதையெல்லாம் எழுதிவைக்கும், ஒன்றுகூடக் காணாமல் போகாது. அதற்குக் குரல் கொடுக்க அவளையே உட்காரவைத்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கடைசி வரி: ஆளிடம் பேச ஒன்பதை அழுத்தவும்.

"யார் அந்த ஆளு?"

"நீதான். ஒம்போது உன் மேசைக்கு வரும்."

அவளுக்கு அது பிடித்திருந்தது. பழைய மூன்று எண்களுக்கு அடிப்பவர்களும் தவறிவிடக் கூடாதென்று மூன்றையும் புதிய இயந்திரத்துக்கே திருப்பிவிட்டான். தனக்கு ஆலை கொடுத்த புது எண்ணை வைத்துக்கொண்டான். தன் பழைய எண் அபோண்டியின் நெஞ்சில் மட்டும் வேறு பேரில் பதிந்திருக்கிறது என்பது அந்த மகா மேதைக்கு உறைக்கவில்லை.

இயந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை அபுத்தோ, இனி இங்கே பேசுவதற்கு ஆள் எதற்கு என்று அபோண்டியைக் கிவோ தீவின் ஐஸ் கிடங்குக்கு மாற்றினார். ஒகாடா வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தகப்பனில்லாத அவளுக்குப் பெரியப்பாமார் மூன்றுபேர் அந்தத் தீவில்தான் இருந்தார்கள். பெண் கேட்க வருபவனை ஏற்பதா வேண்டாமா என்று அவர்கள் சொல்லவேண்டும். சொன்னபின் மாப்பிள்ளை தன் ஆட்களோடு போய் முதல் சடங்கைச் செய்யவேண்டும். அதற்கு அயியே என்று பெயர், சம்மதம் என்று அர்த்தம். சொல் வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை தானாகப் போய் நிற்பதோ கேட்பதோ கூடாது. நின்றால் மானம் போகும், இரண்டு பக்கமும்.

படகுத்துறையில் அவள் சொன்னாள்:

"அவங்க சரின்னு சொன்ன அன்னைக்கு ரெண்டு தடவ அடிக்கறேன். அடுத்த சனிக்கிழமை உன் ஆளுங்களோட வந்துடு. மூணு அடிச்சா வராத."

"ஒண்ணு அடிச்சா?"

"ஒண்ணு சும்மா. அதுல வேலை எதுவும் இல்ல."

*

ஆறு டன் கரைந்த திங்கட்கிழமைக்குப் பிறகு ஒகாடா வேலை போகும் என்றுதான் எதிர்பார்த்தான். போகவில்லை. மீன் ஏற்றுமதி ஆலைகளின் ஆட்களுக்கு அந்தக் குரல் பிடித்துவிட்டது. அவர்களிடம் பேலன்ஸ் இருந்தது, பொறுமை இருந்தது, நாற்காலி இருந்தது. ஒன்றை அழுத்தி, பத்து டன் என்று அழுத்தி, நன்றி கேட்டுவிட்டு வைத்தார்கள். ஒரு மாதத்தில் மூன்று ஐஸ் இயந்திரங்களும் முழுமூச்சாக ஓடின. முற்றம் காய்ந்தது. நாய்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. அபுத்தோ பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டு, எல்லாரிடமும் அவனை இஞ்சினியர் என்று அறிமுகம் செய்தார்.

சுமை தாங்குவது எப்படி என்று ஒகாடாவுக்கு அப்போதுதான் புரிந்தது. வண்டியைப் பெரிதாக்க வேண்டியதில்லை, ஏறுகிறவர்களைத் தள்ளிவிட்டால் போதும். அடித்துவிட்டு எந்த எண்ணையும் அழுத்தாதவர்களை அவன் 'வெட்டி அழைப்பு' என்று ஒரு பட்டியலில் ஒதுக்கினான். அந்தப் பட்டியலை அவன் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை.

தீவிலிருந்து இரண்டும் வரவில்லை, மூன்றும் வரவில்லை. முதல் வாரம் பெரியப்பாமார் யோசிக்கிறார்கள் என்று நினைத்தான். இரண்டாவது வாரம் மறுக்கிறார்கள் என்று நினைத்தான். மூன்றாவது வாரம் அவளே மனம் மாறிவிட்டாள் என்று முடிவுகட்டினான். தினமும் மாலையில் புது எண்ணிலிருந்து ஒருமுறை அடித்தான், திரும்ப ஒன்றும் வரவில்லை. குரலெடுத்துப் பேசியிருக்கலாம். முறையில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். உண்மை என்னவென்றால், பேசினால் பதில் வந்துவிடும்.

ஐந்தாவது வாரம் மீன்காரிகளின் தலைவி கிறிஸ்பின் அம்மா வந்தாள். தலையில் ஓர் அலுமினியப் பேசின். அதை அவன் மேசைமேல், விசைப்பலகையின் மேலேயே, பொறுமையாகக் கவிழ்த்தாள். ஐஸ் கிடைக்காமல் அழுகிய, மூன்று நாள் பழைய எம்புட்டா என்னும் ஏரிமீன். பிறகு உட்கார்ந்து, புடவைக்கட்டு மாதிரி இடுப்பில் சுற்றியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள். நேற்று எதிர்க்கரையிலிருந்து வேறொரு ஐஸ் படகு வந்தது, அதில் ஒரு பெண் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள், அடித்தால் எடுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்கிறாள், நாங்கள் எல்லாரும் அங்கே போகிறோம், சொல்லிவிட்டுப் போகவேண்டுமே என்று வந்தேன் என்றாள்.

அபுத்தோவுக்கு அந்த நாற்றத்தைவிட எதிர்க்கரைப் படகு அதிகமாக உறுத்தியது. சின்ன ஆட்களைத் திரும்பக் கூட்டிவா, யார் யார் அடித்தார்கள் என்று பட்டியல் எடு என்றார். அப்படித்தான் ஒகாடா அன்று மத்தியானம், மீன் செதில்களைத் தட்டிவிட்டபடி, வெட்டி அழைப்புகளைத் திறந்தான்.

அதிகம் அடித்தவர்கள் மேலே வருமாறு அவனே அமைத்திருந்தான். முதல் எண்ணை அவனுக்கு மனப்பாடமாகத் தெரியும்.

அவன் பழைய எண்ணுக்கு வந்து, இயந்திரத்துக்குத் திரும்பிய அழைப்புகள். முதல் வாரத்து வியாழக்கிழமை காலை இரண்டு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே நாற்பது வினாடி. அவ்வளவு நேரம் அவள் தயங்கியிருக்கிறாள். இரண்டையும் முதல் மணியிலேயே எடுத்திருந்தது இயந்திரம். வெள்ளிக்கிழமை ஒன்று. சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, ஒரு மணிக்கு, இரண்டேகாலுக்கு, மூன்று மணிக்கு. சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு மட்டும் பேலன்ஸ் போட்டுக்கொண்டு அடித்திருக்கிறாள். ஒன்பதை அழுத்தியிருந்தாள். ஆளிடம் பேச. ஒன்பது அடிக்கும் மேசை மூலையில் இருந்தது. அதன்மேல் யாரோ பெயின்ட் டப்பாக்களை அடுக்கியிருந்தார்கள். நான்கு நிமிடம் பதினொரு வினாடி காத்திருந்திருக்கிறாள். அதற்கப்புறம் வாரம் முழுக்கத் தினமும் மாலை ஒன்று. பிறகு எதுவும் இல்லை.

தவறியவை சுழி என்று திரையின் மேலே பச்சையில் எழுதியிருந்தது.

*

கிவோவுக்கு ஐஸ் கொண்டுபோகும் படகு சில்வானோவுடையது. ஊர்ச்சேதி அத்தனையும் அந்தப் படகில்தான் அக்கரை போகும். மறுநாள் காலை ஒகாடா ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்து, அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்று கேட்டான்.

"ஏரியில ஆயிரம் நடக்கும், தம்பி. நான் ஓட்டறவன்."

பெரியப்பாமார் கோபமாக இருக்கிறார்களா என்று கேட்டான். காற்று மேற்கே திரும்புகிறது என்றான் சில்வானோ. அபோண்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். படகு இயந்திரத்தில் ஏதோ சத்தம் வருகிறதே என்று சில்வானோ குனிந்து பார்த்தான். தீவு கண்ணுக்குத் தெரிந்தபின் அவனே பொறுக்கமாட்டாமல், "எனக்கு ஒண்ணுந் தெரியாதுப்பா. கோழி நல்லா இருந்துச்சு. அது மட்டுந்தான் தெரியும்" என்றான்.

அந்தக் கோழி தனக்காக அறுத்தது என்பது ஒகாடாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வராமல் சமைத்தது மிஞ்சியதால் படகுக்காரனைக் கூப்பிட்டுப் போட்டிருக்கிறார்கள்.

கிடங்கு ஒரு தகரக் கொட்டகை. அபோண்டி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் போன், பக்கத்தில் நோட்டு. அவனைப் பார்த்ததும் எழவில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. பெட்டிகளை எண்ணி இறக்கச் சொல்லிவிட்டு, இவனுக்கும் ஒரு முக்காலி காட்டினாள்.

அவன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததை ஒரே மூச்சில் கொட்டினான். பழைய எண்ணைத் திருப்பிவிட்டது, மறந்தது, புது எண், பட்டியல். நடுநடுவே தன்னையே திட்டிக்கொண்டான், அவள் சிரிப்பாள் என்று. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்னோட புது நம்பர் கடைசியில எழுபத்தி ரெண்டா?"

"ஆமா."

"நீதானா அது. தினம் சாயங்காலம் ஒரு தடவ அடிக்கும். யாரோ புது மீன்காரன், வழக்கமான அளவு கேக்கறான்னு நெனச்சேன். காலையில ஒரு பெட்டி எடுத்து வெப்பேன். யாரும் வரமாட்டாங்க. உருகிப் போயிடும்."

அவன் தலை குனிந்தான்.

"ஒரே ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே அபோண்டி."

"போட்டிருக்கலாம். நீயும் பேசியிருக்கலாம்." அவள் நோட்டை மூடினாள். "ரெண்டு அடிச்சேன். ரெண்டு தடவையும் நானே எடுத்தேன். எத்தனை டன் வேணும்னு என்னையே கேட்டேன். சரி, இதெல்லாம் எழுதிவெக்கும், ஒண்ணுகூடக் காணாமப் போகாதுன்னு இஞ்சினியர் சொல்லியிருக்கானே, பாத்துட்டு வருவான்னு நெனச்சேன். பெரியப்பாங்ககிட்ட சனிக்கிழமைன்னு சொல்லிட்டேன்."

அந்தச் சனிக்கிழமையை அவள் அதிகம் விரித்துச் சொல்லவில்லை. பெரியவர்கள் மூன்றுபேரும் கோட்டுப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து நாற்காலியில் இருந்தார்கள். ஒவ்வொரு படகு வரும்போதும் ஒருவர் எழுந்து நின்றார். பகல் சாய்ந்தபின் மூத்தவர் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல், மேய்ந்துகொண்டிருந்த ஆட்டைப் பிடித்துக் கட்டப் போனார். அவர் கேட்டிருந்தால் தேவலை என்றாள்.

அவள் கைப்பேசி அடித்தது. அவள் எடுக்கவில்லை. நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி அடித்து நின்றது. அவள் நோட்டைத் திறந்து, பெயர் ஒன்றை எழுதி, பக்கத்தில் இரண்டு என்று போட்டாள்.

"பாத்தியா," என்றாள், அவனைப் பார்க்காமல். "எடுக்காம இருக்கறதுக்குத்தான் ஆள் வேணும். எடுக்கறதுக்கு எது வேணும்னாலும் போதும்."

சில்வானோ கரையிலிருந்து சீட்டியடித்தான், புறப்படும் நேரம். ஒகாடா எழுந்தான். முக்காலியை எடுத்து ஓரமாக வைத்தான், மறுபடி எடுத்து இருந்த இடத்திலேயே வைத்தான்.

"பெரியப்பாங்க கால்ல விழறேன். எங்க ஆளுங்க எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன். வர்ற சனிக்கிழமை வரட்டுமா?"

அவள் ஐஸ் பெட்டியின் மூடியைச் சரியாகப் பொருத்திக்கொண்டிருந்தாள்.

"இப்பவே சொல்ல வேண்டாம்," என்றான் அவனே. "நான் பழைய நம்பரைத் திரும்ப வாங்கிட்டேன், இந்தா, கையிலயே இருக்கு. யோசிச்சு அடி. ரெண்டோ மூணோ. எடுக்கவே மாட்டேன், சத்தியமா."

அவள் மூடியை அழுத்தி மூடிவிட்டு நிமிர்ந்தாள். ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தாள். அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அடிக்கல, ஒகாடா. வாயாலயே சொல்லிடறேன். வராத. கோவத்துல சொல்லல. அன்னைக்குக் கடைசிப் படகு வர்ற வரைக்கும் உனக்காகக் காத்திருந்தேன், அப்புறமும் ஒரு வாரம் சாயங்காலம் சாயங்காலமா அடிச்சுப் பாத்தேன். அதுக்கப்புறம் காத்திருக்கல."